நல்ல மேனேஜர், ஆனால் லீடர் இல்லையாம்!

கேள்வி: பதவி உயர்வு கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. என் கீழ் பதினோரு பேர். இதுவரை எந்த வேலையும் தேதி தவறியதில்லை. ஆனாலும் மேலதிகாரி என் மதிப்பீட்டுப் படிவத்தில், "நல்ல மேனேஜர், இன்னும் லீடர் ஆகவில்லை" என்று எழுதிவிட்டார். இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: எனக்கும் ஒருமுறை கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார்கள். உங்கள் எரிச்சல் புரிகிறது.

அப்போது கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கையால் எழுதும் பேரேட்டிலிருந்து மென்பொருளுக்கு மாற வேண்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்று கலர் கலராக அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. மூன்றாவது வாரம், ஸ்டேப்ளர் தேடி ஒரு டிராயரைத் திறந்தால் பழைய நோட்டு. அதில் அன்றைய தேதி வரை வரவு செலவு! கணினியிலும் ஏற்றிவிட்டு, நோட்டிலும் ரகசியமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தபோது மூத்த குமாஸ்தா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இது முழுசா வந்துட்டா, எங்க ஆறு பேர்ல யாரை அனுப்புவீங்க சார்?"

யாரையும் அனுப்பப்போவதில்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அந்த அட்டவணை நிர்வாகம். அந்தப் பயத்தை முன்பே மோப்பம் பிடித்து, எதற்காக மாறுகிறோம், அவரவர் கதி என்ன என்று உட்கார்ந்து பேசியிருந்தால் அது தலைமை. ஹார்வர்டில் நிர்வாகவியல் பேராசிரியராக இருந்த ஜான் காட்டர் 1990இல் இதைச் சுருக்கமாகப் பிரித்தார்: சிக்கலைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை. இரண்டும் வேண்டும் என்றும் அவரே சொன்னார். அதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இவை இரண்டு வகை மனிதர்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். தென்துருவம் போன அமுன்ட்சென் கெட்டிக்கார நிர்வாகி. பனியில் உணவுக் கிடங்கைத் தவறவிடக் கூடாதென்று, போகும் பாதைக்குக் குறுக்கே கொடிகளை வரிசையாக நட்டு வைத்தவர். அதே மனிதர் தலைமையில் சறுக்கியதும் உண்டு: 1911 செப்டம்பரில் அவசரப்பட்டுக் கிளம்பி, குளிர் தாங்காமல் திரும்பியபோது, பின்தங்கியவர்களை விட்டுவிட்டு முகாமுக்கு முந்தி வந்துவிட்டார். மறுநாள் எல்லோர் முன்னிலும் அதைத் தட்டிக்கேட்ட யோஹான்சனைத் துருவக் குழுவிலிருந்தே நீக்கினார். டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தது வேறு விஷயம். அந்தக் கிடங்குகள் இல்லாமல் அது நடந்திருக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கடைசியாக நடத்திய மூன்று கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். "எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது" என்பதைத் தவிர வேறு ஏதாவது பேசினீர்களா? அந்தப் பதினோரு பேரில் யாராவது உங்களிடம் "ஏன்" என்று கேட்டார்களா?

அப்புறம், மேலதிகாரியிடம் போய், எந்தச் சம்பவத்தை மனதில் வைத்து அப்படி எழுதினார் என்று பணிவாகக் கேளுங்கள். ஒன்றுகூடச் சொல்லத் தெரியாமல் விழித்தால், அதையும் எனக்கு எழுதுங்கள்.