சைக்கிளில் போனால் காது மெஷினில் காற்று இரைச்சல்: புதிது வாங்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வயது 56. இரண்டு காதுக்கும் காதின் பின்னால் மாட்டும் மெஷின், போன வருடம் வாங்கியது. காலையில் சைக்கிளில் கப்பன் பார்க் வரை போய் வருவேன். கொஞ்சம் வேகம் எடுத்தாலே காற்று இரைச்சல்தான், பின்னால் வண்டி வருவதே தெரிவதில்லை. காதுக்குள் வைக்கும் புது மாடலுக்கு மாறச் சொல்கிறார்கள் கடையில். மாறலாமா, இல்லை ஓட்டும்போது கழற்றி வைத்துவிடட்டுமா?

பதில்: கழற்ற வேண்டாம், ஹார்ன் சத்தமும் போய்விடும். புதிதும் இப்போதைக்கு வேண்டாம். கடையில் சொன்னது பொய் இல்லை. உங்கள் மெஷினின் மைக் காதுமேல் நேராகக் காற்றில் இருக்கிறது, உள்ளே வைப்பதில் காது மடலே மறைத்துவிடும். ஆனால் கேட்கும் குறை அதிகமென்றால் அந்தச் சின்ன மெஷினின் சக்தி போதாமல் போகலாம், வியர்வையும் காதுக் குறும்பியும் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும்.

முதலில் உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (காதைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தருபவர்) போய் சைக்கிளுக்கென்று தனி புரோகிராம், அதாவது மெஷினுக்குள் தனி செட்டிங், கேளுங்கள். காற்றிரைச்சலைக் குறைக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதைக் கூட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் மைக்கின் திசை. இரைச்சலான இடத்தில் பல மெஷின்கள் தானாகவே முன்பக்கச் சத்தத்துக்கு மாறிக்கொள்ளும், எதிரே உட்கார்ந்து பேசுபவர் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமே, அதற்காக. சைக்கிளில் இது தலைகீழ்: பின்னால் வரும் பஸ்ஸின் சத்தத்தைத்தான் அது குறைக்கிறது, போதாததற்கு அந்த நிலையில் காற்றிரைச்சலும் கூடும். அதனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். இந்த அட்ஜஸ்ட்மென்ட் பெரும்பாலும் வாங்கிய விலையிலேயே அடக்கம், தனியாகப் பணம் கேட்டால் பில்லையும் வாரண்டி கார்டையும் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் ஹேண்டில்பாரின் வலது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இவ்வளவு ஓடும் ஊரில் நல்ல காது உள்ளவருக்கே பின்னால் வருவது கேட்காது, எந்த மெஷினையும் நம்பிப் பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ஹெல்மெட் கழற்றும்போது வார் இடித்து மெஷின் தெறித்து விழும், சட்டைக் காலரில் கிளிப் போடும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்தால் சாதாரண வாரண்டியில் பொதுவாக வராது. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 குறி போட்டிருந்தாலும் அந்தத் தண்ணீர்ச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, உப்பு வியர்வையில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து பார்த்தும் சரிவரவில்லையா, அப்போது மாடல் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். சும்மா கடைக்குள் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்காதீர்கள், சில நாள் சைக்கிளில் போட்டுப் பார்க்க டிரையல் கேளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பதாக எழுத்தில் வாங்குங்கள். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள். எழுதிக் கொடுத்தபடி திருப்பி எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.