22 கையெழுத்து இருக்கிறது, ஜெயித்துவிடுவோமா?

கேள்வி: லண்டனில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் மேடம் ஆளும் லேபர் கட்சி. காமன்ஸ் சபையின் செலக்ட் கமிட்டி (அரசின் வேலையை விசாரித்துக் கேள்வி கேட்கும் எம்.பி.க்கள் குழு) ஒன்றின் தலைவர் அமைச்சராகிவிட்டதால் அந்த நாற்காலி காலி. மேடம் நிற்கிறார், அதே கட்சியில் இன்னும் மூன்று பேரும் நிற்கிறார்கள். மனுவுக்கு 15 கையெழுத்து வேண்டும் என்றார்கள், 22 வாங்கிவிட்டோம். அலுவலகத்தில் எல்லோரும் ஜெயித்த மாதிரியே பேசுகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் தேர்தல் வேலை முழுக்க என் தலையில். இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும், எதில் கோட்டை விடுவோம்? இன்னொன்று: கும்பகோணத்திலிருந்து அம்மா, "கமிட்டித் தலைவரை சபாநாயகர்தானே போடுவார், அதுக்கு எதுக்குடி எலெக்‌ஷன்?" என்கிறார். எனக்கு விளக்கத் தெரியவில்லை.
— பெயர் வேண்டாம், லண்டன்

பதில்: உங்கள் வயிறு சரியாகத்தான் கலக்குகிறது. 22 கையெழுத்து என்பது பந்தியில் இலை போட்டது மாதிரி. சோறு இன்னும் வரவில்லை.

அந்தக் கையெழுத்துகள் எல்லாம் உங்கள் கட்சிக்காரர்களுடையவை. விதி அப்படி: சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 15 பேர், அல்லது அந்தக் கட்சி எம்.பி.க்களில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. 2024 பொதுத்தேர்தலில் லேபர் 411 இடம் பிடித்தது, ஆகவே உங்களுக்கு 15. அதே தேர்தலில் 72 இடம் பெற்ற லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கு ஏழெட்டுக் கையெழுத்தே போதும். ஆனால் ஓட்டுப் போடுவது உங்கள் கட்சி மட்டும் இல்லை, மொத்தச் சபையும். இந்த நாற்காலி லேபருக்கு என்று ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டதால் நிற்கிற நாலு பேரும் லேபர். லேபர் ஓட்டு நாலாகப் பிரியும். மிச்சமிருக்கிற, 2024 தேர்தல் கணக்கில் கன்சர்வேடிவ் 121, லிபரல் டெமாக்ரட் 72, ஸ்காட்லாந்தின் எஸ்.என்.பி., வேல்ஸ், வட அயர்லாந்துக் கட்சிகள், சுயேச்சைகள் எல்லாம் சேர்ந்தால் இருநூறைத் தாண்டும். (வட அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் கட்சியின் ஏழு பேர் சபையில் உட்காருவதே இல்லை, அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.) அந்த இருநூறு யார் பக்கம் சாய்கிறதோ அவர்தான் தலைவர். கையெழுத்து வீட்டுக்குள், ஓட்டு ஊர் முழுக்க. இதைப் புரிந்துகொள்ளாமல் சொந்தக் கட்சிக்குள்ளேயே இரண்டு வாரத்தையும் சுற்றித் தீர்ப்பதுதான் தோற்பவர்கள் வழக்கமாகச் செய்வது.

முதலில் மனு. 15-க்கு மேல் இருக்கிற ஏழு கையெழுத்து மேடத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தராது. ஏதாவது ஒன்று செல்லாமல் போனால் கைகொடுக்கும், அவ்வளவுதான். செல்லாமல் போக முக்கியக் காரணம், ஒரே எம்.பி. இரண்டு வேட்பாளருக்குப் போட்டுக்கொடுப்பது. அதில் கெட்ட எண்ணம் இருக்காது. காரிடாரில் நடந்துகொண்டே நண்பருக்குப் போட்டிருப்பார், மறந்திருப்பார். 22 பேரிடமும் ஒரு வரி கேட்டுவிடுங்கள்: "இந்தக் குழுவுக்கு வேறு யாருக்காவது கையெழுத்துப் போட்டீர்களா?" கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கேளுங்கள்.

இதைவிட முக்கியமான இடம் அதே மனுவில் இருக்கிறது, பலர் அதை அலட்சியமாக நிரப்புகிறார்கள். பிற கட்சி எம்.பி.க்கள் ஐந்து பேர் வரை ஆதரவுக் கையெழுத்துப் போடலாம். கட்டாயமில்லை. ஆனால் பெயர்கள் வெளியாகும். ஒரு கன்சர்வேடிவ் எம்.பி. வேட்பாளர் பட்டியலைப் புரட்டும்போது உங்கள் 15 லேபர் பெயர்களைப் படிக்கவே மாட்டார். தன் கட்சியிலிருந்து யார் போட்டிருக்கிறார் என்றுதான் பார்ப்பார். ஆகவே அந்த ஐந்தை ஒரே கட்சியில் எடுக்காதீர்கள். கன்சர்வேடிவில் இரண்டு, லிபரல் டெமாக்ரட்டில் ஒன்று, எஸ்.என்.பி.யில் ஒன்று, சிறு கட்சியிலோ சுயேச்சையிலோ ஒன்று. முடிந்தால் அவர்களில் ஒருவராவது இதே குழுவில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவராகட்டும். கூட உட்கார்ந்து வேலை செய்தவரே ஆதரிக்கிறார் என்றால் அதற்குத் தனி எடை.

மனுவோடு, குழுவின் துறைக்குச் சம்பந்தமான நிதி நலன்களையும் அறிவிக்க வேண்டும். எம்.பி.க்களின் நிதி நலன் பதிவேட்டில் மேடத்தின் பக்கத்தை இன்றைக்கே திறந்து கடைசி வரி வரை படியுங்கள். எந்தப் புது நலனையும் 28 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்பது பொது விதி. அந்தத் துறை நிறுவனம் ஒன்று கொடுத்த நன்கொடை, வெளிநாட்டு அரசு செலவில் போன பயணம், இந்த மாதிரி எது இருந்தாலும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். போட்டியாளரின் உதவியாளரும் இதே பக்கத்தைத்தான் இப்போது படித்துக்கொண்டிருப்பார்.

மனு எந்த நாள், எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை சபாநாயகரின் அறிவிப்பில் மட்டும் பாருங்கள், போன முறை எப்படி என்று யாரையும் கேட்காதீர்கள். மூலக் கையெழுத்துத் தாளை முந்தின நாளே கொடுத்து, சரிபார்த்தாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். கடைசி அரைமணி நேரத்தில் கொடுத்தால் குறை இருந்தாலும் திருத்த நேரம் இருக்காது.

அடுத்து, எம்.பி.க்களுக்கு மேடம் எழுதும் கடிதம். ஏ4 தாளில் ஒரு பக்கம், அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். இந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு எம்.பி.க்கும் நாலு வேட்பாளரிடமிருந்தும் மாறிமாறிக் கடிதம் போகும். "இந்த நாட்டின் எதிர்காலத்துக்கு இத்துறை மிக முக்கியமானது" என்று தொடங்கும் கடிதம் நேரே குப்பைக்குப் போகும். முதல் ஆறு மாதத்தில் எடுக்கப்போகிற விசாரணைகள் மூன்றைத் துல்லியமாகச் சொல்லுங்கள்: எந்தத் திட்டம், எந்தச் செலவு, யாரைக் கூப்பிட்டுக் கேட்பார். முடிவை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். விசாரிக்கும் முன்பே தீர்ப்பு வைத்திருக்கும் தலைவரை எதிர்க்கட்சியும் நம்பாது, ஆளுங்கட்சியும் நம்பாது. கட்சிக்கு ஒரு கடிதம் என்று மாற்றி மாற்றி எழுதும் ஆசை வரும். வேண்டாம். ஒரே டீ மேசையில் இரண்டு கட்சிக்காரர்கள் போனை நீட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதோடு சரி. அனுப்பும்போது எல்லா முகவரியையும் பிசிசி-யில் போடுங்கள். சிசி-யில் போட்டுவிட்டு, அறுநூறு பேருக்கும் "ரிப்ளை ஆல்" போய், வேட்பாளர் மன்னிப்பு மெயில் அனுப்ப நேர்ந்தால் உங்கள் வாரம் போச்சு.

கடிதம் அறிமுகம்தான். ஓட்டு நேர்ப்பேச்சில் வருகிறது. பேசுவதற்கான நாட்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வியாழன் மதியத்துக்கு மேல் எம்.பி.க்கள் தொகுதிக்குக் கிளம்பிவிடுவார்கள், வெள்ளி கட்டடமே காலி. திங்கள், செவ்வாய், புதன்தான் உங்களுக்கு. அதிலும் சிறந்த நேரம் சபையில் டிவிஷன் (வாக்கெடுப்பு) மணி அடிக்கும்போது. மணி அடித்து எட்டு நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள், ஆகவே எல்லோரும் அடித்துப்பிடித்து வருவார்கள். ஒரு வாக்கெடுப்பு முடியக் கால் மணி நேரம் ஆகும். ஓட்டுப் பதியும் லாபியில் வரிசையில் நிற்கும்போது எதிரில் இருப்பவருக்கு ஓட வழியில்லை! மேடம் கையில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய எட்டுப் பெயர் கொண்ட சிறு சீட்டு இருக்கட்டும். டிவிஷன் லாபியும் மெம்பர்ஸ் டீ ரூமும் உங்களுக்கு இல்லை. உங்கள் இடம் எம்.பி.க்களின் அலுவலகக் கட்டடமான போர்ட்கல்லிஸ் ஹவுஸின் காபி மேசைகள். அங்கே மற்ற எம்.பி.க்களின் உதவியாளர்களைப் பிடியுங்கள். அவர்கள் எம்.பி. யாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது பாதி நேரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு எக்ஸெல் பக்கம் போடுங்கள். பெயர், கட்சி, யார் பேசினார், எந்தத் தேதி, அவர் என்ன சொன்னார் (அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், உங்கள் விளக்கத்தை அல்ல), முதல் விருப்பமா, இரண்டாவதா. "ஆல் தி பெஸ்ட்" என்று சொன்னவர் ஓட்டு இல்லை. "ரொம்ப நல்ல வேட்பாளர்" என்பதும் ஓட்டு இல்லை. "என் முதல் ஓட்டு உங்களுக்கு" என்றால்தான் ஓட்டு, அதிலும் நாலில் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ரகசிய வாக்கெடுப்பு, நாலு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எந்த சபையிலும் உண்டு.

இரண்டாவது விருப்பம் என்றேனே, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போடுவதில்லை. 1, 2, 3 என்று வரிசை எழுதுவார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ அவருக்குச் சேர்ப்பார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். 480 செல்லும் ஓட்டு. உங்கள் மேடத்துக்கு 170, இரண்டாமவருக்கு 140, மூன்றாமவருக்கு 100, நாலாமவருக்கு 70. முப்பது ஓட்டு முன்னிலை என்று கேக் வாங்கப் போய்விடாதீர்கள். நாலாமவரின் 70-ல் மேடத்துக்கு 20, இரண்டாமவருக்கு 35, மூன்றாமவருக்கு 10, அடுத்த எண் எழுதாமல் விட்டவை 5. இப்போது 190, 175, 110. அடுத்து மூன்றாமவர் போகிறார். அவருடைய 110-ல் மேடத்துக்கு 30, இரண்டாமவருக்கு 65, மிச்சம் 15 செல்லாது. முடிவு: மேடம் 220, இரண்டாமவர் 240. முதல் சுற்றில் முந்தியவர் தோற்றார்.

அந்த 65 எதனால் அங்கே போனது? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மேடம் மூன்றாமவரைப் பற்றி எங்கோ குத்தலாகப் பேசியிருப்பார். அல்லது அவருக்குப் போடப்போகிறவர்களை "நமக்கு இல்லை" என்று பட்டியலிலிருந்து அடித்திருப்பீர்கள். யாராவது "நான் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றால் உடனே, "ரொம்ப நல்லது, இரண்டாவது எண்ணை எங்களுக்குத் தருவீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நேர்மையாக மறுத்தவர் நேர்மையாக இரண்டாவதைத் தருவார்.

கொறடா அலுவலகத்தின் ஆசி கிடைத்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அரசைக் கேள்வி கேட்கிற நாற்காலி இது. "அரசின் ஆள்" என்ற பெயர் வந்துவிட்டால் அந்த இருநூறும் போச்சு, சொந்தக் கட்சியின் கடைசி வரிசைக்காரர்களும் போச்சு. 2017-ல் நிதிக் குழுத் தேர்தலில் ஜேக்கப் ரீஸ்-மாகைத் தோற்கடித்தவர் நிக்கி மார்கன், அப்போதைய பிரதமர் தெரீசா மே வெளியேற்றிய முன்னாள் அமைச்சர். அதே நாளில் வெளியுறவுக் குழுவில், பதவியில் இருந்த கிரிஸ்பின் பிளன்ட்டை, சபைக்கு வந்து இரண்டே வருடமான டாம் டூகன்ஹாட் வென்றார். 2020 ஜூலையில் நடந்தது இன்னும் வேடிக்கை. உளவு, பாதுகாப்புக் குழு செலக்ட் கமிட்டி அல்ல, அதன் தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். அரசு விரும்பியது கிறிஸ் கிரேலிங்கை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஓட்டோடு ஜூலியன் லூயிஸ் வந்துவிட்டார். அன்றே கன்சர்வேடிவ் கட்சி அவரை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கியது. நாற்காலி அவரிடமே இருந்தது.

அதற்காக மேடம் அரசைத் திட்டித் தீர்க்க வேண்டியதும் இல்லை. அமைச்சரவையோடு சண்டைக்கு நிற்பவரைத் தலைவராக்கினால் துறை கதவைச் சாத்திக்கொள்ளும் என்று நினைப்பவர்களும் ஓட்டர்கள்தான். தன் கட்சி அரசின் ஒரு முடிவைப் பற்றி மேடம் எப்போதாவது சபையில் கடினமான கேள்வி கேட்டிருப்பார். அந்த நாளின் ஹன்சார்டு (சபைப் பேச்சுகளின் அதிகாரப்பூர்வப் பதிவு) பக்கத்தைத் தேடி எடுத்து, கடிதத்தில் ஒரே வரியில் சொல்லுங்கள். அது போதும்.

வாக்கெடுப்பு நாள் பெரும்பாலும் புதன். அன்று புதிதாக யாரையும் மாற்ற முடியாது. உறுதி சொன்னவர்களை அறைக்கு வரவைப்பது மட்டுமே வேலை. காலையில் ஒரு குறுஞ்செய்தி, மதியம் ஓட்டுப் போடாதவர்களுக்கு மட்டும் ஒரு போன். முடிவு வந்ததும் சுற்றுவாரியான கணக்கை வெளியிடுவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் உங்கள் எக்ஸெல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், யார் பொய் சொன்னார்கள் என்று தெரியாது, எத்தனை பேர் என்று தெரியும்.

அம்மாவுக்கு: அவர் சொல்வது டெல்லிக்குச் சரி. அங்கே பொதுக் கணக்குக் குழுவின் 22 உறுப்பினர்களையும் (மக்களவை 15, மாநிலங்களவை 7) இரு அவைகளும் தேர்ந்தெடுக்கின்றன; தலைவரைச் சபாநாயகர் நியமிக்கிறார். 1967-லிருந்து அது எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. துறைவாரி நிலைக்குழுக்கள் 24-ல் எட்டின் தலைவர்களை மாநிலங்களவைத் தலைவரும் மற்றவர்களைச் சபாநாயகரும் போடுகிறார்கள். 2024-ல் கனிமொழி நுகர்வோர், உணவுத் துறைக் குழுவுக்கும் திருச்சி சிவா தொழில் துறைக் குழுவுக்கும் வந்தது இப்படித்தான். லண்டனிலும் 2010 வரை பெயரளவில்தான் தேர்வு. உறுப்பினர் பட்டியலைக் கொறடாக்கள் தயாரிப்பார்கள், தலைவர் யார் என்பதும் அதிலேயே முடிந்துவிடும். 2001-ல் க்வினெத் டன்வுடி, டொனால்ட் ஆண்டர்சன் என்ற இரண்டு தலைவர்களைப் பட்டியலிலிருந்தே அரசு கழற்றப் பார்த்தது, சபை ஓட்டெடுத்துத் தடுத்துவிட்டது. 2009-ல் எம்.பி.க்களின் செலவுக்கணக்கு ஊழல் வெடித்து மானம் கப்பலேறியபோது, டோனி ரைட் தலைமையிலான குழு, தலைவர்களை மொத்தச் சபையும் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கட்டும் என்றது. 2010 ஜூனில் முதல் தேர்தல். இதையெல்லாம் சொன்ன பிறகும் அம்மா, "அப்போ உங்க மேடம் காசு கொடுக்கணுமா?" என்று கேட்பார். ஒரு பக்கக் கடிதமும் நிறையக் காபியும்தான் செலவு என்று சொல்லுங்கள்.