கோத்தகிரி அம்மாவுக்கு: மகளின் பியானோவும் அந்த 20 நிமிடமும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 10 வயது. சனிக்கிழமை குன்னூரில் பியானோ வகுப்பு, வீட்டில் 61 கட்டை கீபோர்டு. "உட்காரச் சொன்னாலே சண்டை. அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிடித்து உட்கார வைக்கிறேன். இதை நம்பினால் வேலை கிடைக்குமா, இல்லை இப்போதே நிறுத்தி டியூஷனில் சேர்த்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் மாதாமாதம் வகுப்புக்கும் பணம் கட்டும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

வேலை பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். விரல் பழக்கம் வாசிக்கும்போது மட்டும் பதிவதில்லை. வாசித்துவிட்டுத் தூங்கும் இரவிலும் பதிகிறது. நாளைக்கு 20 நிமிடம் என்று வாரத்தில் ஆறு நாள் வாசித்தாலும் அதே இரண்டு மணி நேரம்தான். ஆனால் நடுவே ஆறு இரவுகள் கிடைக்கின்றன. வாரம் முழுக்கத் தொடாமல் ஒரே நாளில் வாசிப்பவள், போன வாரம் மறந்ததைத் திரும்பப் பிடிப்பதிலேயே பாதி நேரத்தைக் கழிக்கிறாள். சண்டைக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எந்த நேரம் என்பதைவிட, அதே நேரம் என்பது முக்கியம். பள்ளி வேன் வந்து இறக்கிவிட்டதும் பாலும் வர்க்கியும் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்தது கீபோர்டு என்று வையுங்கள். கையைக் கழுவச் சொல்லுங்கள். வர்க்கித் தூள் கட்டைகளுக்கு இடையில் போனால் எடுப்பது பெரும்பாடு. டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்துப்போகும். அந்தப் பால் டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கட்டும். விறைத்த விரலோடு வேகமான பாடம் வேண்டாம்.

அடுத்தது, அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது. நாளை அவள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முதல் பாரிலிருந்து (பார் என்பது இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு சிறு பகுதி) தொடங்குவாள். நான்கு பார் நன்றாகப் போகும். ஐந்தாவதில் இடது கை தடுக்கும். உடனே "அய்யோ" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மறுபடி ஐந்தாவதில் தடுக்கும். பத்து முறை இப்படிச் செய்தால் நன்றாகத் தெரிந்த நான்கு பாருக்குப் பத்து முறை பயிற்சி, தெரியாத ஐந்தாவதில் தப்பாக வாசிப்பதற்கும் பத்து முறை பயிற்சி. ஒரு மணி நேரம் வாசித்தும் முன்னேற்றம் இல்லை என்று பெற்றோர் சொல்லும் பல வீடுகளில் நான் பார்த்தது இதைத்தான்.

தடுக்கிய இடத்திலிருந்தே அன்றைய பயிற்சி தொடங்கட்டும். ஐந்தாவது பாரும் அடுத்த பாரும் மட்டும். முதலில் இடது கை தனியாக, எறும்பு ஊர்வதுபோல மெதுவாக. கீபோர்டின் இடது ஓரத்தில் மூன்று புளியங்கொட்டை வையுங்கள். ஒருமுறை சரியாக வாசித்தால் ஒரு கொட்டை வலப்பக்கம் போகும். தப்பினால் போனதெல்லாம் திரும்பி வரும். மூன்றும் வலப்பக்கம் சேர்ந்த பிறகு வலது கை தனியாக, அதற்குப் பிறகு இரண்டு கையும் சேர்த்து. இதற்குப் பத்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் ஸ்கேல், அதாவது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது. மீதி ஐந்து நிமிடம் அவளுக்குப் பிடித்ததை வாசிக்கட்டும், சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரி. அதைப் பறிக்காதீர்கள்.

"எனக்கு இசை தெரியாதே" என்று வருந்தியிருக்கிறீர்கள். தடுக்குவது காதுக்கே தெரியும். கண்ணுக்கு ஒன்று சொல்கிறேன்: வலது கையால் சி மேஜர் ஸ்கேலில் மேலே போகும்போது, மூன்றாம் விரலுக்குப் பிறகு கட்டைவிரல் அடியில் நுழைந்து நான்காவது சுரத்தைப் பிடிக்க வேண்டும். அப்போது முழங்கை மேலே தூக்கினால் அவசரப்படுகிறாள் என்று அர்த்தம். "மெதுவா போம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் துணி காய்வதில்லை. வீட்டுக்குள் கொடி கட்டுவோம். கீபோர்டு இருக்கும் அறையில் கட்டாதீர்கள். கட்டைகளுக்கு அடியில் உள்ள ரப்பர் தொடர்பில் ஈரம் சேர்ந்தால் சில கட்டைகள் பேசாது, சில அலறும். பிள்ளை தன் விரல்மேல் தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

இனி வேலை. சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் 2019-ல் அமெரிக்காவில் பியானோ வாசித்துப் பரிசு வென்றதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பையனை வைத்து உங்கள் மகளை அளக்க வேண்டாம். பியானோ தெரிந்தவர்கள் செய்யும் வேலைகள் வேறு நிறைய இருக்கின்றன: பள்ளி இசை ஆசிரியர், தேவாலய இசை, பாடகர்களுக்கும் நடனப் பள்ளிகளுக்கும் உடன் வாசிப்பது, சினிமா, விளம்பர இசைக்குக் கணினியில் கீபோர்டு புரோகிராமிங். நீலகிரியிலேயே விடுதிப் பள்ளிகள் பல. மேற்கத்திய இசை சொல்லித்தர ஆள் வேண்டும். முழுநேரமாகப் படிக்க நினைத்தால் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் ஒரு பட்டப்படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இசையையும் தொடர்வதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி. இந்த முடிவை ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் எடுக்கத் தேவையே இல்லை. "வேலை தருமா" என்ற பாரத்தை 10 வயதுப் பிள்ளையின் விரலில் ஏற்றினால் விரல் நகராது.

இதை என் மகன் விஷயத்தில் செய்து பார்த்துவிட்டே சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு கிரேடு, அதாவது இசைத் தேர்வில் ஒரு படி, என்று விரட்டினேன். தேர்வுக்கான மூன்று பாடங்களைத் தவிர வேறெதையும் அவன் வாசிக்க விடவில்லை. நாலாவது கிரேடு முடிந்த மறுநாள் மூடியைச் சாத்தினான். பிறகு திறக்கவே இல்லை. அந்தப் பியானோவைத் துடைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கும்.

கடைசியாகத் தேர்வு. இசைத் தேர்வுகளை நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டனில் பியானோ வேறு, எலெக்ட்ரானிக் கீபோர்டு வேறு; இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். மகள் படிப்பது எது என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பியானோ என்றால் 61 கட்டை சீக்கிரமே போதாமல் போகும். அழுத்தினால் கனம் தெரியும் 88 கட்டை வேண்டும். அதற்கு நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும். கடன் வாங்கி இப்போதே வாங்காதீர்கள். ஆறு மாதம் இந்த 20 நிமிடம் நடக்கட்டும், அதற்குப் பிறகு யோசிக்கலாம். வீடியோவில் பதிவு செய்து அனுப்பும் தேர்வும் இருப்பதால் தேர்வுக்காகக் கோயம்புத்தூர் போய்வருவதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இந்த வருடக் கட்டணத்தைக் கட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அவளாக "நான் எழுதட்டுமா" என்று கேட்கும் வருடம் கட்டுங்கள்.