ஓடும் நெட்வொர்க்கில் ஓஎஸ்பிஎஃப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையில்தான் எங்கள் நெட்வொர்க் ஓடுகிறது. கிளை அலுவலக ஏரியாவில் (அந்த முறையில் நெட்வொர்க்கைப் பிரிக்கும் ஒரு பகுதி) நான்கு ரூட்டர்கள், எல்லாம் சிஸ்கோ. சின்ன ரூட்டர்கள் என்பதால் வெளி ரூட்டுகள் (ஓஎஸ்பிஎஃப்புக்கு வெளியிலிருந்து வரும் வழிகள்) உள்ளே வராதபடி அதை ஸ்டப் ஏரியாவாக மாற்றச் சொல்கிறார்கள். பகலிலேயே, பயனர்களுக்குத் தெரியாமல் செய்துவிடலாமா? முதலில் எந்த ரூட்டரில் கை வைப்பது?

பதில்: பகலில் வேண்டாம். தடங்கலே இல்லாமல் இதைச் செய்ய வழி கிடையாது. அண்டை ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும் ஹலோ பாக்கெட்டில் ஈ-பிட் என்று ஒன்று உண்டு. சாதாரண ஏரியாவில் அது 1, ஸ்டப் ஏரியாவில் 0. இரண்டு பக்கமும் அது ஒத்துப்போகாவிட்டால் வரும் ஹலோவை ரூட்டர் தூக்கிப் போட்டுவிடும். ஆக ஒரு ரூட்டரில் மாற்றியதுமே அந்த ஏரியாவில் அதன் அட்ஜசன்சி (அண்டை ரூட்டர்களோடு உள்ள ஓஎஸ்பிஎஃப் தொடர்பு) எல்லாம் விழும், எதிர்ப்பக்கத்திலும் மாற்றும் வரை திரும்ப எழாது.

அதனால் வரிசைதான் எல்லாமே. கடைக்கோடி ரூட்டரில் தொடங்கி உள்நோக்கி வாருங்கள், ஏபிஆர் (இந்த ஏரியாவை மற்றவற்றோடு இணைக்கும் எல்லை ரூட்டர்) கடைசி. ஏபிஆரில் ஸ்டப் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தால் உள்ளே உள்ள ரூட்டர்களின் லூப்பேக் (ரூட்டரை அணுகப் பயன்படும் அதன் உள் முகவரி) எல்லாம் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும், பிறகு யாராவது கன்சோல் கேபிளோடு வண்டியேற வேண்டியதுதான். அப்படியே நடுவில் மாட்டிக்கொண்டாலும் ஒரு வழி இருக்கிறது: ஓஎஸ்பிஎஃப் விழுந்தாலும் நேரடி இணைப்பின் சப்நெட் ரூட்டிங் டேபிளில் இருக்கும். ஏபிஆரில் இருந்துகொண்டு அடுத்த ரூட்டரின் இன்டர்ஃபேஸ் ஐபிக்கு (லூப்பேக்குக்கு அல்ல) எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழைவு) செய்து, அங்கிருந்து அடுத்ததற்கு என்று தாவித் தாவிப் போகலாம். ஆனால் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்து மட்டும் எஸ்எஸ்எச் அனுமதி என்று அக்சஸ் லிஸ்ட் போட்டிருந்தால் இது நடக்காது, எனவே முந்தின நாளே ஒருமுறை தாவிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு காப்பு, ஒவ்வொரு ரூட்டரிலும் முதலில் 'ரீலோட் இன் 30' கொடுத்துவிடுவது. கன்ஃபிக்கைச் சேமிக்காமல் வேலை செய்யுங்கள், சிக்கிக்கொண்டால் ரூட்டர் தானே எழுந்து பழைய நிலைக்கு வரும். நிமிடக் கணக்கு மொத்த வேலைக்கும் போதுமானதாக இருக்கட்டும், எல்லாம் சரியானதும் ரத்து செய்ய மறக்காதீர்கள்.

அப்புறம், நாள் குறிப்பதற்கு முன்னால் அந்த ஏரியாவுக்குள் எங்காவது ரீடிஸ்ட்ரிபியூஷன் (வேறு முறையில் கிடைத்த வழிகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடுவது) நடக்கிறதா, அந்த ஏரியா வழியே விர்ச்சுவல் லிங்க் (ஒரு ஏரியாவின் ஊடாக மைய ஏரியாவோடு இணைக்கும் இணைப்பு) போகிறதா என்று பாருங்கள். ஸ்டப் ஏரியா இரண்டையும் தாங்காது. வெளி ரூட்டை உள்ளிருந்து செலுத்தியே ஆகவேண்டும் என்றால் அதை அனுமதிக்கும் ஸ்டப் வகையான என்எஸ்எஸ்ஏதான்.

கேள்வி: என்எஸ்எஸ்ஏவாக மாற்றினோம். மற்ற கிளைகள் கிடைக்கின்றன, இணையம் மட்டும் போய்விட்டது. ஏன்?

பதில்: டிஃபால்ட் ரூட் (தனி வழி தெரியாத முகவரிகளுக்கான பொது வழி) வரவில்லை. முன்பு அது டைப் 5 ஆக (வெளி ரூட்டைச் சொல்லும் ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பு) வந்திருக்கும், என்எஸ்எஸ்ஏ அதை உள்ளே விடாது. ஸ்டப் ஏரியா என்றால் ஏபிஆர் தானாகவே ஒரு டிஃபால்ட்டைக் கொடுக்கும், சிஸ்கோவில் சாதாரண என்எஸ்எஸ்ஏவுக்கு அப்படிக் கொடுக்காது. ஏபிஆரில் ஏரியா என்எஸ்எஸ்ஏ வரியோடு 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன்-ஒரிஜினேட்' சேருங்கள், அல்லது 'நோ-சம்மரி' போடுங்கள்.

கேள்வி: ரூட்டர் ஐடியை (ஓஎஸ்பிஎஃப்பில் ரூட்டரை அடையாளம் காட்டும் எண்) லூப்பேக் முகவரிக்கு மாற்ற வேண்டும். கட்டளை கொடுத்தும் பழைய ஐடியே தெரிகிறதே?

பதில்: நெய்பர்கள் இருக்கும்போது சிஸ்கோ அதை உடனே ஏற்காது, ஓஎஸ்பிஎஃப் பிராசஸை கிளியர் செய்யவேண்டும், அல்லது ரீலோட். இதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் சேமித்துவிட்டு மறந்தால் என்றோ ஒருநாள் மின்சாரம் போய்வரும்போது ஐடி மாறும், என்ன நடந்தது என்று அன்றைக்குப் பணியில் இருப்பவருக்குப் புரியாது. டிராஃபிக் போக மாற்றுப் பாதை இருந்தால் முதலில் 'மேக்ஸ்-மெட்ரிக் ரூட்டர்-எல்எஸ்ஏ' கொடுங்கள். லிங்க் விலை 65535 ஆகி, கடந்துபோகும் டிராஃபிக் வேறு ரூட்டருக்கு நகரும். அது நகர்ந்த பிறகு கிளியர் செய்யுங்கள்.

புதிய ஐடி வேறு எந்த ரூட்டரிலும் இல்லை என்று டேட்டாபேஸில் தேடிப் பார்த்தீர்களா? ஒரே ஏரியாவில் இரண்டு ரூட்டருக்கு ஒரே ஐடி இருந்தால் ஒன்றின் எல்எஸ்ஏவை (ரூட்டர் தன் இணைப்புகளைச் சொல்லும் அறிவிப்பு) மற்றது தன்னுடையது என்று எண்ணி சீக்வென்ஸ் எண்ணை ஏற்றி மறுபடி அனுப்பும், எஸ்பிஎஃப் (குறுகிய வழி) கணக்கு நிற்காமல் ஓடும். விர்ச்சுவல் லிங்க் இருந்தால் மறுமுனையில் பழைய ஐடிதான் எழுதியிருக்கும், அதையும் மாற்றவேண்டும். பல ஏபிஆர்கள் உள்ள என்எஸ்எஸ்ஏவில் டைப் 7ஐ (என்எஸ்எஸ்ஏவுக்குள் வெளி ரூட்டைச் சொல்லும் அறிவிப்பு) டைப் 5 ஆக்குவது பெரிய ஐடி உள்ள ஏபிஆர்தான், எனவே அந்தப் பொறுப்பும் இடம் மாறலாம். பழைய ஐடியின் எல்எஸ்ஏ 3600 வினாடி வரை டேட்டாபேஸில் தெரிந்தால் பதற வேண்டாம், இருபக்க இணைப்பு இல்லாததால் வழி கணக்கிட அதை யாரும் எடுப்பதில்லை.

ஜூனிபர் ரூட்டரும் கலந்திருந்தால் கவனம்: அங்கே கமிட் (மாற்றங்களை அமலாக்கும் கட்டளை) கொடுத்ததுமே ஐடி மாறிவிடும். 'கமிட் கன்ஃபர்ம்டு' பயன்படுத்துங்கள், 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி ஆகிவிடும்.