"இவங்க எப்போ போவாங்க?"

கேள்வி: எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் (11, 8, 4 வயது) நானே வீட்டில் பாடம் சொல்லித்தருகிறேன். விருந்தோம்பலை ஒரு மாதம் தனிப் பாடமாகவே நடத்தினேன். "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்ற எபிரெயர் 13:2-ஐ மனப்பாடம் செய்தார்கள். அட்டவணை போட்டு நட்சத்திரம் ஒட்டினோம். போன வாரம் சபையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூத்தவன் புத்தகத்தோடு அறைக்குள் போய்விட்டான். நடுவில் உள்ளவள் வசனமாக ஒப்பித்து யாரையும் பேசவிடவில்லை. சின்னவன் பொம்மையைக் கட்டிக்கொண்டு அழுதான். கடைசியில் மூத்தவன் வெளியே வந்து, எல்லார் காதிலும் விழ, "இவங்க எப்போ போவாங்க?" என்றான். "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால்தான் நாலு பேரோடு பழகத் தெரியும்" என்று என் நாத்தனார் சொன்னது சரிதானோ?

பதில்: சகோதரி, நாத்தனார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் ஆள் வந்தால் அறைக்குள் ஓடத்தான் செய்கிறார்கள். வகுப்பில் பழகுவது பெரும்பாலும் சம வயதுக்காரர்களோடு. வீட்டுக்கு வந்த பெரியவர் எதிரே உட்கார்ந்து பேசுவது வேறு வித்தை. அந்தக் குற்றவுணர்வு உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் மகன் கேட்ட கேள்வியை அப்படித் தள்ளிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை அவன் எங்கிருந்து எடுத்தான்? கணக்கு பாதியில் இருக்கும்போது வாசல் மணி அடித்தால் உங்கள் வாயிலிருந்து முதலில் வருவது என்ன? என் வீட்டில் வந்தது, "ஐயோ, இன்றைக்கும் பாடம் போச்சா!" விருந்தாளிகள் கிளம்பியதும் நான் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து விட்ட பெருமூச்சை என் மகள் ஐந்து வயதில் அச்சு அசலாக நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நம் முகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். விருந்தாளி வருவதற்கு முந்தைய அரைமணி நேரமும், போனதற்குப் பிந்தைய அரைமணி நேரமும்தான் அவர்களுக்கு உண்மையான பாடவேளை. "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்கிறார் பேதுரு (1 பேதுரு 4:9). உபசரியுங்கள் என்பதோடு விட்டிருக்கலாம்; அந்த முதல் வார்த்தையையும் சேர்த்திருக்கிறார். மோந்து பார்த்தால் அனிச்சப்பூ வாடும், முகம் திரிந்து பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறது 90-வது குறள். பிள்ளைகளும் அந்த முகத்தைப் பார்த்துதான் கற்கிறார்கள்.

ஆகவே நட்சத்திர அட்டவணையை எடுத்துவிடுங்கள். வந்தவர் தலையை எண்ணி மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு அவர் ஆளாகத் தெரியமாட்டார். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பாடம் வைக்காமல் காலியாக விடுங்கள். யாரும் வராவிட்டால் படிக்கட்டும். சொல்லாமல் யாராவது வந்தால், "நாளைக்குத் தொடரலாம்" என்று சாதாரணமாகப் புத்தகத்தை மூடுங்கள்.

ஆதியாகமம் 18-ஐ உங்கள் மூத்தவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். பகலின் உஷ்ணவேளையில் மூன்று பேர் வருகிறார்கள். ஆபிரகாம் ஓடுகிறார், சாராளை மாப் பிசையச் சொல்கிறார், கன்றைப் பிடித்து 'வேலைக்காரன்' கையில் கொடுக்கிறார். அந்த இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு இளைஞன் என்றும் பொருள் உண்டு. அது ஆபிரகாமின் மகன் இஸ்மவேல்தான், நற்செயலில் பழக்குவதற்காகவே அவன் கையில் கொடுத்தார் என்று 11-ம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி விளக்கம் சொன்னார். முந்தின அதிகாரத்தில் இஸ்மவேலுக்கு வயது 13. வேதம் அப்படிப் பெயர் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். அப்பா பிரசங்கம் செய்யவில்லை. ஓடினார், பையன் கையில் வேலையைக் கொடுத்தார்.

உங்கள் மூத்தவன் கூச்ச சுபாவம் உள்ளவன் போலிருக்கிறது. அது பாவமல்ல. சூனேம் ஊர்ப் பெண் எலிசா தீர்க்கதரிசிக்குக் கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு வைத்து ஒரு அறையை ஆயத்தம் செய்தாளே (2 இராஜாக்கள் 4:10), அந்த வேலையை அவனிடம் விடுங்கள். நாற்காலி போடுவது, தண்ணீர் கொண்டுவருவது, வாசலில் வணக்கம் சொல்லிப் பத்து நிமிடம் அவர்களோடு உட்காருவது. அதன்பின் அறைக்குப் போகலாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

நடுவில் உள்ளவளை விருந்தாளிகள் முன் வசனம் சொல்ல வைப்பது யார்? நாம்தான். வந்தவர் தேர்வு அதிகாரி இல்லை. அவளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுங்கள்: ஒரு கேள்வி, பதில் முடியும்வரை காத்திருத்தல், அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி. இரவுச் சாப்பாட்டில் உங்களிடமே பழகிப் பார்க்கட்டும். சின்னவன் கொடுக்க விரும்பாத பொம்மையை முன்பே எடுத்து உள்ளே வைத்துவிட்டால் போதும், மற்றதைப் பகிர்வான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யாருக்கும் முத்தம் கொடு, மடியில் உட்கார் என்று வற்புறுத்தாதீர்கள். வந்தவர் சபையில் எவ்வளவு பெரியவரானாலும் சரி. பிள்ளையை ஒருவரோடு மூடிய அறையில் தனியே விடவும் வேண்டாம். விருந்தினரைக் காக்கத் தன் மகள்களைக் கும்பலுக்குக் கொடுக்க முன்வந்த லோத்துவும் வேதத்தில் இருக்கிறான். அவனைப் பின்பற்றச் சொல்லி அது எழுதப்படவில்லை.

இன்னொரு சங்கதி. நாம், வீட்டில் பாடம் நடத்தும் குடும்பங்கள், நம்மைப் போன்றவர்களையே திரும்பத் திரும்ப அழைக்கிறோம். 'விருந்து' என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை, புதியவர் என்று பொருள். உங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எபிரெயர் 13:2-ல் உள்ள கிரேக்கச் சொல் பிலோக்சேனியா, அந்நியர்மேல் அன்பு. இரண்டிலும் தெரிந்தவர் இல்லை! லூக்கா 14-ல் இயேசு சிநேகிதரையும் பந்துஜனங்களையும் விட்டுவிட்டு, திருப்பி அழைக்க வழியில்லாதவர்களை அழைக்கச் சொல்கிறார். தனியாக வாழும் பெரியவர், புதிதாகக் குடிவந்தவர்கள் என்று பிள்ளைகளையே பெயர் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தோன்றாத ஆள் அவர்களுக்குத் தோன்றும்.

போன வாரம் வந்த குடும்பத்தையும் மறுபடி அழையுங்கள். மகனை மன்னிப்புக் கேட்கச் சொல்லி எல்லார் முன்னும் நிறுத்த வேண்டாம். தொலைபேசியில் நீங்களே கூப்பிடுங்கள், அவன் பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து.