எழுதியவரைக் காணவில்லை, அவருடைய மென்பொருள் லைப்ரரியை நான் தொடரலாமா?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் சின்ன அளவில் மென்பொருள் செய்து கொடுத்து வருகிறேன். திருநெல்வேலி டவுன் அச்சகங்களில் தாப், தாம், டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைகளில் கிடக்கும் கோப்புகளை, இன்று எங்கும் புழங்கும் யூனிகோடு முறைக்கு மாற்ற ஒரு லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, பயன்படுத்துகிறேன். டெல்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. ஃப்ரீவேர்தான், அதாவது காசில்லாமல் கிடைப்பது. மூல நிரலும் கூடவே வந்தது. “யாரும் தங்கள் மென்பொருளில் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். திருத்தி வெளியிடுவதாக இருந்தால் என்னைக் கேளுங்கள்” என்று அதோடு வந்த ரீட்மீ குறிப்பில் இருக்கிறது. 2006-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. எழுதியவர் தென்காசிப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. மின்னஞ்சல் போட்டால் திரும்பி வருகிறது. பிழைகளைத் திருத்தி, யாரும் எடுத்துத் திருத்தவும் பகிரவும் இடம் தரும் எம்.ஐ.டி. உரிமத்தில் இணையத்தில் வெளியிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் நினைப்பது நல்ல காரியம். தாப்பும் தாமும் 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறைகள். 2010-ல் அரசு யூனிகோடுக்கு மாறிவிட்டது. நடுவில் அடித்த கொடை விழா நோட்டீஸ், கோயில் மலர், ஊர் வரலாறு எல்லாம் அந்தப் பழைய கோப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் கருவி அழியக்கூடாது. ஆனாலும் அடுத்தவர் எழுதிய நிரலுக்கு எம்.ஐ.டி. உரிமம் கொடுக்க உங்களால் முடியாது.

நம் பக்கத்தில் பூட்டிக்கிடக்கும் இடத்தை ஒருவர் 12 வருஷம் வெளிப்படையாக அனுபவித்துவிட்டு, இனி அது தனக்கே சொந்தம் என்று அனுபவ பாத்தியம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பதிப்புரிமையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகத்தான் வருகிறது. எழுதியவர் ஆயுள் முழுக்கவும், அவர் காலத்துக்குப் பின் 60 வருஷமும் உரிமை நிற்கும். பதிவு செய்யவில்லை என்றாலும் நிற்கும். காசு வாங்காமல் கொடுத்ததால் உரிமையையும் விட்டுவிட்டார் என்று ஆகாது. உரிமையை விட நினைப்பவர் பதிவாளருக்கோ பொதுவிலோ அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. அவரோ, ‘என்னைக் கேளுங்கள்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது செய்துவரும் வேலையில் பயம் வேண்டாம். ரீட்மீ அனுமதித்தபடி உங்கள் மென்பொருளில் சேர்க்கலாம். நியாயமாகக் கைக்கு வந்த நிரலை, அது எதற்குத் தரப்பட்டதோ அந்த உபயோகத்துக்காக உங்கள் கணினியில் திருத்திக்கொள்ள 52-ஆம் பிரிவே இடம் தருகிறது. திருத்தியதை ஊருக்கெல்லாம் வெளியிடும்போதுதான் சிக்கல்.

அதனால் முதலில் ஆளைத் தேடுங்கள். தென்காசி என்று தெரிந்த பிறகு மின்னஞ்சலோடு ஏன் நிற்க வேண்டும்? பழைய அச்சகக்காரர்களுக்கும், அந்தக் காலத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்களுக்கும் இவரைத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காலமாகியிருந்தால் உரிமை வாரிசுகளுக்குப் போயிருக்கும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ள எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள். மூத்த மகன் ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது. இன்னொன்றும் கேளுங்கள்: இதை எழுதியபோது அவர் எங்காவது சம்பளத்தில் இருந்தாரா? அந்த வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமையாளர் அந்த நிறுவனம்தான்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார், “தாராளமாகச் செய்யுங்க தம்பி” என்கிறார். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வாய்வார்த்தை போதாது, உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் எழுத்துதான், ஆனாலும் நான் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். அதில் கால அளவு இல்லை என்றால் 5 வருஷம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 19-ஆம் பிரிவில் உரிமை மாற்றத்துக்குச் சொன்ன இந்த விதிகளை 30ஏ பிரிவு உரிமத்துக்கும் பொருத்துகிறது. இணையத்தில் வைக்கும் நிரலை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் இறக்குவார்கள். ஆகவே, ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், திருத்தவும், வெளியிடவும், மற்றவர்களுக்கு எம்.ஐ.டி. உரிமத்தில் கொடுக்கவும் சம்மதிக்கிறேன்’ என்று ஒவ்வொன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். பதிப்பு எண்ணையும் கோப்புகளின் பெயர்களையும் கீழே எழுதுங்கள். அவற்றில் வேறொருவர் ஜி.பி.எல். உரிமத்தில் (திருத்தி வெளியிட்டாலும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்பது அது) எழுதிய கோப்பு ஏதாவது இருந்தால் இந்தச் சம்மதம் அதற்குச் செல்லாது.

ஆளே கிடைக்கவில்லை என்றால்? உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாதபோது, அவர் சம்மதம் இல்லாமலே சட்டப்படி பெறும் கட்டாய உரிமம் கேட்க 31ஏ பிரிவு இருக்கிறது. ஆனால் அது பொதுமக்களுக்குக் கிடைக்காமல் முடங்கிய படைப்பை வெளியிடுவதற்கு. இன்றும் இறக்கிக்கொள்ள முடிகிற லைப்ரரிக்கு அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள்.

புதிதாக எழுதிவிடுவதுதான் அப்போது என் யோசனை. எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை பொதுத் தகவல், அது யாருக்கும் சொந்தமில்லை. எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பழைய நிரலை வரிவரியாகப் படித்த நீங்களே எழுதினால் சாயல் விழும். அந்த நிரலைப் பார்க்காத ஒருவரிடம் அட்டவணையையும், என்ன கொடுத்தால் என்ன வர வேண்டும் என்ற குறிப்பையும் மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புகளைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பெயரும் புதிதாக இருக்கட்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் துணிந்து வெளியிட்டால், தெரிந்தே மீறுவதற்குக் குறைந்தது 6 மாதச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் 63-ஆம் பிரிவில் இருக்கின்றன. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் காரணம் எழுதிக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனாலும் வழக்கு வந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். நிரலை எழுதியவர், தான் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம்.

தென்காசி போய்வந்த பிறகு கடித வரைவை அனுப்புங்கள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் ஒருமுறை படித்துச் சொல்கிறேன்.