தாலுகா நிருபரின் முதல் ஆறு மாதம்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஒரு நாளிதழில் தாலுகா நிருபராகச் சேர்ந்திருக்கிறேன். இதழியல் படித்ததில்லை. நான் அனுப்பும் செய்தியை டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்தும் பிரிவில்) பாதியாக வெட்டுகிறார்கள், இல்லையென்றால் போன் செய்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். நிருபர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வருவதைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினால் மட்டும் சிக்கலில்லாமல் அச்சாகிவிடுகிறது. எழுத்து நடையை எப்படி வளர்த்துக்கொள்வது? கோர்ஸ் ஏதாவது சேரலாமா?

பதில்: நடையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். டெஸ்க்கிலிருந்து போன் வருகிறது என்றால் செய்தியில் விவரம் போதவில்லை என்று பொருள். அவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கொஞ்ச நாளில் அதே ஏழெட்டுக் கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருவது தெரியும். அவற்றுக்குப் பதில் வாங்காமல் சம்பவ இடத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

குரூப்பிலிருந்து வெளியேறச் சொல்ல மாட்டேன். தாலுகா முழுக்க ஒருவரே சுற்ற முடியாது. தகவல் முதலில் கிடைப்பது அங்கேதான். ஆனால் அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் இனிஷியலைத் தப்பாகப் போட்டால் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே தப்பு வரும்.

'புறவழிச்சாலையில் லாரி மோதி வாலிபர் பலி' என்று குரூப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் காவல் நிலையம். ஸ்டேஷன் ரைட்டரிடம் (அங்கே பதிவேடுகளை எழுதும் காவலரிடம்) பெயர், இனிஷியல், அப்பா பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயரில் 'கீழ', 'மேல' மாறினால் உயிரோடிருக்கும் ஒருவரின் வீட்டில் போன் அலறும். முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகள் நீங்கலாக மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. இணைய வசதி குறைந்த இடங்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு. ஒன்றை மறக்காதீர்கள்: அந்த அறிக்கையில் இருப்பது புகார் கொடுத்தவர் சொன்னது. அதனால் 'போலீசில் அளித்த புகாரில் கூறியிருப்பதாவது' என்ற வரி செய்தியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்து அரசு மருத்துவமனை. காயமடைந்தவர்கள் எத்தனை பேர், எந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள் என்பது அங்கேதான் சரியாகக் கிடைக்கும். அப்புறம் விபத்து நடந்த இடம். பெரும்பாலானவர்கள் இதைத்தான் தவிர்க்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்: 'இங்கே தெருவிளக்கு எரிஞ்சு மாசக்கணக்காச்சு சார்' என்று யாராவது சொல்வார். உடனே அதை எழுதிவிடாதீர்கள். இருட்டியபின் போய்ப் பாருங்கள், பராமரிக்க வேண்டிய அலுவலகத்தில் கேளுங்கள், இதே இடத்தில் முன்பு நடந்த விபத்துகளை ஸ்டேஷனில் விசாரியுங்கள். மூன்றும் பொருந்தினால் குரூப்பில் யாரிடமும் இல்லாத செய்தி உங்கள் கையில் இருக்கும்.

எழுதும்போது நம் நிருபர்கள் அடிக்கடி செய்யும் ஒன்று: 'வேலைக்குச் செல்வதற்காகத் தனது இருசக்கர வாகனத்தில் புறவழிச்சாலை வழியாகச் சென்றுகொண்டிருந்தபோது எதிரே அதிவேகமாக வந்த லாரி மோதியதில் படுகாயமடைந்து...' என்று இழுத்து, இறந்தார் என்பதைக் கடைசியில் சொல்வது. 'புறவழிச்சாலையில் நேற்று லாரி மோதியதில் 24 வயது இளைஞர் உயிரிழந்தார்' என்று முதலில் முடித்துவிடுங்கள். மற்றதை அடுத்தடுத்த வாக்கியங்களில் சொல்லலாம். இடம் போதாதபோது டெஸ்க்கில் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முக்கியமானது மேலே இருந்தால் தப்பித்துக்கொள்ளும். 'அதிவேகமாக' என்பதை யார் சொன்னது என்றும் யோசியுங்கள். நீங்கள் பார்க்கவில்லையே.

எண்களில் கவனம். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி), நீர்வரத்தைச் சொல்வது விநாடிக்கு இத்தனை கனஅடி என்று. இந்த மூன்றையும் குழப்பிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. விநாடிக்குச் சுமார் 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டி.எம்.சி. என்ற கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சட்டத்தில் மட்டும் அனுபவத்தில் கற்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கைதானவர் குற்றவாளி அல்ல. தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர்தான். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை; குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் சேரும். சின்ன ஊரில் பெயரை மறைத்து, தெருவையும் பள்ளியையும் அப்பாவின் தொழிலையும் எழுதினால் அதுவும் அடையாளம் காட்டுவதுதான். தற்கொலைச் செய்தியில் எந்த முறையில் என்று விவரிக்காதீர்கள். இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-லேயே இதை வலியுறுத்தியிருக்கிறது.

சொந்தச் செய்திக்குத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளே உட்காராமல், மனுவோடு வரிசையில் நிற்பவர்களிடம் பேசுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபையில் ஒன்றையாவது தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து பாருங்கள். அதிகாரி பதில் சொல்லவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பிரஸ் மீட்டில் நீட்டப்படும் பணக் கவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: முதல் முறையே மறுத்துவிடுங்கள், இரண்டாவது முறை மறுப்பது கடினம்.

கோர்ஸ் ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். எது வரவில்லை என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும், அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். அதுவரை தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். போனில் கட்டைவிரலால் அடித்து அனுப்பும் செய்தியில் எழுத்துப்பிழை மலிந்திருப்பதும் டெஸ்க்கின் பொறுமையைச் சோதிக்கும் காரணங்களில் ஒன்று.